சட்டையில் குத்திய பேட்ஜ்

"எய்யா, அம்பாசமுத்திரம் பஸ்ஸப் பிடிக்கணும், எங்கள முதல்ல விட்ருய்யா."

"இந்தா முடிஞ்சிரும் ஆச்சி."

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். எக்ஸ்ரே எடுக்கிற தம்பி கதவைத் திறக்கும்போதெல்லாம் இதே பதில்தான். உள்ளே என் சித்தியை ஒற்றை ஆளாகத் தூக்கிப் படுக்க வைத்தான். இடுப்பு எலும்பு முறிந்தவரை அப்படித் தூக்குவது லேசான காரியமில்லை.

நெஞ்சில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருந்தான். டி.எல்.டி. என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால், உடம்பு வாங்கிய கதிர்வீச்சு எவ்வளவு என்று கணக்கு வரும். கதிர்வீச்சை அளக்கிற அலகு மில்லிசீவர்ட்; ஐந்து வருடச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு அது.

சரி, நல்ல ஏற்பாடு.

ஒரு ஷிப்டில் எத்தனை பேரைத் தூக்கலாம், எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கலாம் என்று யார் அளக்கிறார்கள்? ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். தாமதமானால் ஏச்சு மட்டும் இவனுக்கு!

மூன்று மணிக்கும் அவன் சாப்பிட்டிருக்கவில்லை. மாற்றிவிட ஆளில்லையாம். மெஷினுக்கு மட்டும் ஏசி ஜிலுஜிலுவென்று ஓடுகிறது.