நான் எழுதாமல் விட்ட பாதி வசனம்

பத்திரிகையில் வந்தது இவ்வளவுதான்: “நாங்கள் பொறுமையாகத்தான் இருக்கிறோம் – கொக்கட்டிச்சோலைத் தாய் ஒருவர்.” மேலே, தமிழரசுக் கட்சித் தலைவர் சம்பந்தன் ஐயாவின் உரைக்கு மட்டக்களப்பு மக்கள் வரவேற்பு என்று தலைப்பு. அந்த அம்மா அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை.

தமிழரசுக் கட்சியின் 14ஆவது தேசிய மாநாடு இங்கே மட்டக்களப்பில் நடந்து முடிந்த மறுநாள் அது. 2012 மே 28, திங்கட்கிழமை. விடியவே ஆசிரியபீடத்திலிருந்து போன். “சனம் என்ன சொல்லுது எண்டு பத்துப் பேரிட்டக் கேட்டு மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க.”

சனத்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. மே தினத்தன்று யாழ்ப்பாணத்தில் ஐயா இலங்கையின் தேசியக் கொடியான சிங்கக் கொடியைப் பிடித்த படம் வந்து நாலு கிழமைகூட ஆகவில்லை. மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் நிறைவேறியிருந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். ஒன்றுபட்ட இலங்கைக்குள் அரசாங்கம் தமிழருக்கு அதிகாரம் தரப்போவதில்லை என்பதைச் சர்வதேசம் தன் அனுபவத்திலேயே கண்டுகொள்ள வேண்டும், அதுவரை நாம் பொறுமையாக இருக்க வேண்டும் என்ற கருத்துப்பட ஐயா பேசியிருந்தார். கொழும்பில் இதைப் பிரிவினைப் பேச்சு என்று கொதித்தார்கள். இங்கே ஒரு கடைக்காரர் “கொடி பிடிச்சவர்தானே இதையும் சொல்றார், ரெண்டில எதை நம்புற?” என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாய் நிறைய வாழ்த்தினார். மற்றவர்கள் சொன்னது அநேகமாக மறந்துவிட்டது.

அந்த அம்மா பஸ் நிலையத்தில் கொக்கட்டிச்சோலை பஸ்சுக்காக நின்றார். கையில் ஒரு சொப்பின் பேக். அதற்குள் போட்டோக் கொப்பிகள், அவற்றின் மேலே லெமினேட் செய்த ஒரு பொடியனின் படம். மூலையில் பிளாஸ்டிக் பிரிந்து, ஈரம் போய், படத்தின் ஒரு தோள் மங்கிக் கிடந்தது.

“அம்மா, நேத்து ஐயா பேசினதக் கேட்டீங்களா?”

“நான் போகல்ல மனே. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து சொன்னான். பொறுமையா இரிக்கச் சொன்னாராமே?”

“ஓம்.”

“நாங்க பொறுமையாத்தான் இரிக்கம்.” படத்தை உள்ளே தள்ளி பேக்கைச் சுருட்டினார். “எத்தின நாளைக்கு எண்டு சொன்னவரா?”

“அப்பிடி நாள் ஒண்டும் சொல்லல்ல அம்மா.”

“மறுகா, நீங்க பேப்பர்காரர்தானே. கேட்டுச் சொல்லுங்களன்.”

“கேக்கிறன் அம்மா,” என்றேன். பஸ் வந்துவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை.

“எத்தின நாளைக்கு” என்ற கேள்வியை இடம் போதாமல் ஆசிரியபீடம் வெட்டிவிட்டது என்று சில நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். என் குறிப்புப் புத்தகத்தில் அந்த வசனம் இன்னும் இருக்கிறது, அதன் மேல் நீலப் பேனையால் ஒரு கோடு. அந்தக் கோட்டை இழுத்தது நான்தான். அனுப்பிய செய்தியில் அந்த வசனம் இருக்கவேயில்லை.

பாதுகாப்புக்காகத்தான் என்று நீண்ட காலம் நினைத்துக்கொண்டேன். அந்தக் காலம் அப்படி. வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலை இருக்கிற படுவான்கரைத் தாய் ஒருத்தி பிள்ளையைத் தேடுகிறாள் என்று எழுதினால் இரவில் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. ஆனால் பெயர்தான் போடவில்லையே. ஆளையே மறைத்த பிறகு கேள்வியையும் ஏன் மறைத்தேன்?

வரவேற்பு என்ற தலைப்பு பிழையில்லை என்றும் வாதாடிப் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் 11 ஆசனங்களில் 6 தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தன. சனம் அந்தப் பேச்சின் பக்கம் நின்றது, அந்த அம்மாவும் அந்தச் சின்னத்துக்கே புள்ளடி போட்டிருக்கலாம். சரி. புள்ளடி போட்டவர் கேள்வி கேட்கக் கூடாதா?

உண்மை என்னவென்றால், மாநாட்டில் நானும் கைதட்டினேன். 2009இல் போர் முடிந்த பிறகு இந்த ஊரில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒருவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த நாள் காலையிலும் அந்த நிறைவு எனக்குள் இருந்தது. ஒரு வயோதிபத் தாயின் நாலு சொல் அதைக் குலைப்பதை நான் விரும்பவில்லை. செய்தியாளன் கைதட்டக் கூடாது என்று சொல்வார்கள். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை, நானும் இந்தச் சனத்தில் ஒருவன்தானே. ஆனாலும் அந்தக் கை அடுத்த நாள் பேனை பிடித்தபோது என்ன செய்தது என்று பார்க்கும்போது பதில் வரமாட்டேன் என்கிறது.

கேட்டிருந்தாலும் ஐயாவிடம் ஒரு நாள் கணக்கு இருந்திருக்குமா? இருந்திருக்காது. எந்தத் தலைவரிடமும் இருந்திருக்காது. இதை ஆறுதலாகச் சொல்லிக்கொள்வேன். அப்புறம், தேர்தல் காலத்தில் ஐயாவுக்கு மூன்றடி தள்ளி நின்று, முஸ்லிம் காங்கிரசுடன் சேர்ந்து மாகாண சபையில் ஆட்சியமைப்பீர்களா என்று கேட்டது ஞாபகம் வரும். அந்தக் கேள்விக்கு நேரம் இருந்தது.

2014இல் காணாமற் போனோர் பற்றிய ஆணைக்குழு மட்டக்களப்பில் அமர்ந்தபோது வரிசை நெடுக அவரைத் தேடினேன். எல்லார் கையிலும் லெமினேட் செய்த படம் இருந்தது. எனக்கு அந்த முகத்தைச் சரியாக நினைவுபடுத்திப் பார்க்க முடியவில்லை, மங்கிய தோள் மட்டும்தான் ஞாபகம்.

2024 ஜூன் 30இல் ஐயா காலமானார். மறுபடியும் போன் வந்தது, மறுபடியும் பத்துப் பேர். எட்டுப் பேரிடம் எழுதிக்கொண்ட பிறகு கொக்கட்டிச்சோலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அந்த அம்மா இருந்தால் எழுபது தாண்டியிருக்கும். இரண்டு பஸ் போகும்வரை நின்றேன். அங்கே யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டுப் பேரின் அஞ்சலியை மட்டும் அனுப்பினேன்.