வீரர் மதிப்பீட்டு அறிக்கை எழுதப் போகிறவர்களுக்கு: ஐஸ் ஹாக்கியில் ஒரு முன்கள வீரரை எடுத்துப் படித்த அனுபவம்

விளையாட்டு மேலாண்மை படிக்க டொராண்டோ பக்கம் வரும் நம் மாணவர்கள் பலர் மற்றத் தாள்களை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். வீரர் மதிப்பீட்டு அறிக்கையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லுக்கு ஒரு படி கீழே ஆடும் ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் மேலே போய் நிலைப்பாரா என்று காரணத்தோடு எழுத வேண்டும். பிறகு வாய்மொழித் தேர்வில் அந்த எழுத்தைக் காப்பாற்ற வேண்டும். பனியையே பார்த்திராத ஊரிலிருந்து வந்தவனுக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சிறு வயதிலிருந்து ஒரே அணியைக் கொண்டாடி வளர்ந்தவர்களுக்கு இருக்கும் பிடிவாதம் நமக்கு இல்லை என்பது இந்தத் தாளில் பெரிய வசதி. எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் லீகைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கன் ஹாக்கி லீக், சுருக்கமாக ஏஹெச்எல், 1936-இல் தொடங்கியது. இன்று 32 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு என்ஹெச்எல் அணியோடு இணைந்தது. அதற்கும் கீழே ஈசிஹெச்எல். ரஞ்சியில் ரன் குவித்தவர்கள் எல்லோரும் டெஸ்ட் அணியில் நிலைத்ததில்லை என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான், ஒரு கூடுதல் விதியோடு. ஓர் ஆட்டத்தில் இறங்கும் கோல்கீப்பர் அல்லாத 18 பேரில் குறைந்தது 13 பேர் 'வளரும் வீரர்' என்ற கணக்கில் வர வேண்டும். அவர்களில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. ஆகவே புள்ளிப் பட்டியலைத் திறந்ததும் கோல் எண்ணிக்கைக்குப் போகாதீர்கள். வயதையும் மொத்த ஆட்டங்களையும் பாருங்கள். பட்டியலின் உச்சியில் இருப்பவர்களில் சிலர் இந்த லீகிலேயே பழுத்தவர்கள். அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள்தான், ஆனால் உங்கள் அறிக்கைக்கு உரியவர்கள் அல்லர்.

எங்கள் பாடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. இப்போது ஆடும் வீரரை எடுக்கலாம். அல்லது முடிந்துபோன ஒன்றை எடுத்து, ஒரு தேதியோடு நிறுத்தி, அதற்குப் பின் நடந்தது தெரியாதது போல எழுதிவிட்டு, இரண்டாம் பகுதியில் நடந்ததை விளக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். தேதி 2019 கோடை. வீரர் கார்ட்டர் வெர்ஹேகி.

அதுவரை அவர் கதை இது. 1995-இல் பிறந்தவர், ஒன்டாரியோக்காரர். ஜூனியரில் நயாகரா ஐஸ்டாக்ஸ். 2013 டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வு) மூன்றாம் சுற்றில் 82-ஆவது ஆளாக டொராண்டோ எடுத்தது. அவர்களுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே 2015-இல் நியூயார்க் ஐலாண்டர்ஸுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஈசிஹெச்எல்லில் மிசோரி மாவரிக்ஸ் வரை இறங்கினார். 2017-இல் மறுபடியும் பரிமாற்றம், இந்த முறை டாம்பா பே. அவர்களின் ஏஹெச்எல் அணியான சிராக்கியூஸ் கிரஞ்சுக்கு 2018-19 பருவத்தில் 76 ஆட்டங்களில் 34 கோல், 48 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்), மொத்தம் 82 புள்ளிகள். லீகிலேயே முதலிடம். அப்போது வயது 23, நான்காவது தொழில்முறைப் பருவம், மூன்றாவது நிறுவனம்.

இந்த வழக்கை எடுத்ததற்குக் காரணம் வெர்ஹேகி மட்டுமல்ல, பக்கத்து வரியில் இருந்த இன்னொரு பெயரும்தான். அதே அணியில், அதே பருவத்தில், அதே 34 கோல்: அலெக்ஸ் பாரே-பூலே. லீகில் அதிகக் கோல் அடித்தவருக்கான விருதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். பாரே-பூலே 1997-இல் பிறந்தவர், முதல் தொழில்முறைப் பருவம், சிறந்த அறிமுக வீரர் விருதும் அவருக்கே. அதற்கு முந்தைய ஆண்டு கியூபெக் ஜூனியர் லீகில் 116 புள்ளிகள். எண்களை மட்டும் வைத்து 2019-இல் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் இளையவரைத்தான் சொல்வார்கள். ஒரே பட்டியலில் சம எண்ணிக்கையில் நிற்கும் இப்படிப்பட்ட இரட்டையரைத் தேடிப் பிடியுங்கள். அணி, பயிற்சியாளர், எதிரணி எல்லாம் பொதுவாக இருப்பதால், மிஞ்சும் வேறுபாடு வீரரிடத்தில்தான் இருந்தாக வேண்டும். பாதி ஆய்வு அங்கேயே முடிந்துவிடும்.

எண்களைப் பிரிக்கும் வேலை சலிப்பானது, ஆனால் தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவுத்தாளிலும் கோல் எப்போது விழுந்தது, பவர் பிளேயிலா, அசிஸ்ட் முதலாவதா (கோலுக்கு முந்தைய கடைசி பாஸ்) இரண்டாவதா (அதற்கும் முந்தையது) என்று இருக்கும். பவர் பிளே புள்ளிகளைத் தனியே எடுத்து வையுங்கள். எதிரணியில் ஒருவர் குறைவாக இருக்கும்போது கிடைப்பவை அவை. மேலே போனால் அந்த இடத்தை நட்சத்திரங்கள் விட்டுத்தர மாட்டார்கள். இரண்டாவது அசிஸ்ட்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு சிக்கல்: என்ஹெச்எல்லில் போல ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஆடினார் என்பது ஏஹெச்எல்லின் பொது அட்டவணைகளில் கிடைக்காது. கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து நீங்களே எண்ண வேண்டும். வீரர் பெஞ்சிலிருந்து குதிக்கும்போது அழுத்தி, திரும்பி ஏறும்போது அழுத்தி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினால் போதும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலை இருக்கும்போது பயிற்சியாளர் அவரை இறக்குகிறாரா என்பதை மட்டும் கவனித்தாலே ஒரு பக்கம் எழுதலாம்.

காணொளியில் எல்லோரும் கோல்களைப் பார்க்கிறார்கள். வாய்மொழித் தேர்வு நடத்தும் தேர்வாளர்களும் பார்த்துச் சலித்தவை அவை. நீங்கள் தற்காப்புப் பகுதியின் பக்கச்சுவரைப் பாருங்கள். தன் கோலுக்குப் பின்னாலிருந்து பின்கள வீரர் 'பக்' எனும் ரப்பர் வட்டைச் சுவரோரமாகத் தள்ளுகிறார். விங்கர், அதாவது ஓர முன்கள வீரர், சுவரை ஒட்டி நிற்கிறார். எதிரணிப் பின்கள வீரர் அவர் முதுகை நோக்கிப் பாய்ந்து வருகிறார். பக் வந்து சேர ஒரு விநாடிகூட இல்லை. அந்த இடைவெளியில் விங்கர் தோளைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாரா? பார்த்திருந்தால், வந்த பக்கை நிறுத்தாமலேயே நடுவில் ஓடும் சென்டருக்குத் தட்டிவிடுவார். பார்க்காதவர் பக்கை நிறுத்துவார், இடிபடுவார், அடுத்த அரை நிமிடம் அணி முழுவதும் தன் பகுதியிலேயே சிக்கித் தவிக்கும். கீழ்மட்டத்தில் திறமை இந்தக் குறையை மறைத்துவிடும், மேலே மறைக்காது. பத்து ஆட்டங்களில் இந்த ஒரே நிகழ்வை மட்டும் வெட்டி எடுத்து வரிசையாகக் காட்டினேன். வாய்மொழித் தேர்வில் அதிக நேரம் பேசப்பட்டது அதைப் பற்றித்தான்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் எக்சிபிஷன் ரயில் நிலையத்தில் இறங்கி டொராண்டோவின் ஏஹெச்எல் அணியான மார்லீஸ் ஆட்டத்துக்குப் போங்கள். என்ஹெச்எல் அணியான லீஃப்ஸ் டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் மாணவர் பையும் தாங்கும். கண்ணாடியை ஒட்டிய இருக்கை வேண்டாம், அங்கே சத்தம்தான் அதிகம். உயரே, மூலைப் பக்கமாக உட்கார்ந்தால் ஐந்து பேரும் நகரும் விதம் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் ஆட வேண்டிய வாரங்கள் இந்த லீகில் உண்டு, நடுவில் பஸ் பயணமும் இருக்கும். அந்த ஞாயிறு ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். களைத்த காலோடு ஒருவர் தன் பகுதியைக் காக்கத் திரும்பி ஓடி வருகிறாரா என்பது அன்றுதான் தெரியும்.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். 2019-20 பருவத்தில் வெர்ஹேகி டாம்பாவில் ஏறினார். 52 ஆட்டங்களில் 9 கோல், 13 புள்ளிகள். குச்செரோவ், பாயிண்ட், ஸ்டாம்கோஸ் போன்ற நட்சத்திரங்கள் இருந்த அணியில் அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசையின் (சேர்ந்து இறங்கும் மூன்று முன்கள வீரர்கள் ஒரு வரிசை) சில நிமிடங்கள். அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. சம்பள உச்சவரம்பு நெருக்கியதால் அந்த இலையுதிர் காலத்திலேயே அவரைக் கைவிட்டது. ஃபுளோரிடா பாந்தர்ஸ் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வீதம் இரண்டு ஆண்டுக்கு எடுத்துக்கொண்டு, தன் நட்சத்திர சென்டர் பார்க்கோவ் பக்கத்தில் நிறுத்தியது. முதல் பருவத்தில் 43 ஆட்டங்களில் 18 கோல், 36 புள்ளிகள். 2022-23-இல் 42 கோல். 135 புள்ளிகளோடு சாதனை படைத்த பாஸ்டனை 2023 ஏப்ரலில் பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வெளியேற்றிய கோலும் அவருடையதுதான்.

பாரே-பூலேயோ 2021 அக்டோபரில் வேவரில் (அணி விடுவிக்கும் வீரரை மற்ற அணி எடுத்துக்கொள்ளும் முறை) சியாட்டிலுக்குப் போய், சில வாரங்களில் டாம்பாவுக்கே திரும்பி, 2022-23-இல் ஏஹெச்எல்லில் 84 புள்ளிகள் குவித்தும் மேலே நிலைக்கவில்லை. என் வாதம் இதுதான்: அவருடைய ஆட்டம் முதல் இரண்டு வரிசைகளுக்கும் பவர் பிளேக்கும் மட்டுமே பொருந்தியது. வெர்ஹேகியிடம் உயரமும் வேகமும் சுவரோர வேலையும் இருந்ததால், கீழ் வரிசையில் காத்திருக்கவும் முடிந்தது, இடம் கிடைத்ததும் மேலேறவும் முடிந்தது. இதைத் தேர்வாளர் ஒருவர் ஏற்கவில்லை, அதிர்ஷ்டம் என்றார். அந்த மறுப்புக்கும் தயாராகப் போங்கள், ஏனென்றால் அது முழுக்கத் தவறில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஒப்பந்த அட்டவணை. 2019 கோடையிலேயே ஃபுளோரிடாவின் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு, விங்கர்கள் தாதோனோவ், ஹாஃப்மன் இருவரின் ஒப்பந்தமும் 2020-இல் முடிகிறது என்பது தெரிந்திருக்கும். இருவரின் ஒப்பந்தமும் முடிந்த அதே இலையுதிர் காலத்தில்தான் வெர்ஹேகி உள்ளே வந்தார். "உங்கள் அறிக்கையை எந்த மேலாளரிடம் கொண்டுபோவீர்கள்?" என்று கடைசியில் கேட்டார்கள். அந்த அட்டவணையை எடுத்து நீட்டினேன். அறிக்கையின் பின்னிணைப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எந்த அணியில், எந்த வரிசையில், எந்த ஆண்டு இடம் காலியாகிறது என்று. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தை எழுதவே இல்லை.