ராவணனைக் கொன்றதற்கும் தோஷமா?

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் நடக்க வேண்டும். கிணற்றுச் சுவர்மேல் நின்று வாளியால் இறைத்து ஊற்றுவார்கள். தலையில் விழும் வேகத்தில் மூச்சே ஒரு கணம் முட்டும். அந்த வரிசையில் ஓர் அம்மா தன் கணவரிடம் கேட்டார்: "ஏங்க, ராவணன் கெட்டவன்தானே? அவனைக் கொன்னதுக்கு ராமருக்கு எதுக்குத் தோஷம்?" அவர் யோசித்துவிட்டு, "கொலை கொலைதானே" என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ராவணன் புலஸ்திய முனிவரின் பேரன், வேதம் படித்தவன், பெரிய சிவபக்தன். அவனை வதைத்தது தர்மமே. ஆனாலும் அந்தணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி தோஷம் ராமரை விடவில்லை. அது நீங்கத்தான் இங்கே சிவபூஜை. அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமாக, சீதை மணலைப் பிடித்து லிங்கமாக்கினாள் என்கிறது தலபுராணம். அதுவே மூலவர் ராமநாதர். யோசித்துப் பாருங்கள்: ராவணனால் எல்லோரையும்விட அதிகம் துன்பப்பட்டவள் அவள். அவன் சாவுக்கான பரிகார லிங்கம் அவள் கையால் உருவானது! சந்நிதியில் இதை நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

உடை மாற்றி, தரிசனம் முடித்து, அப்புறம் தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் தப்பிய கோயில். விபீஷணன் சரணடைந்த இடம் இது. அண்ணனும் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எனவே பிறவியிலேயே தீமை என்று சொல்ல வழியில்லை. படிப்போ பக்தியோ ராவணனுக்குக் குறைவுமில்லை. செய்வது தப்பு என்று தம்பி முகத்துக்கு நேரே சொன்னான். அவன் கேட்கவில்லை, சொன்னவனையே இழிவாகப் பேசினான். என்னைக் கேட்டால், சீதையைத் தூக்கி வந்ததைவிட, திருப்பி அனுப்ப வாய்ப்பிருந்தும் மறுத்த அந்த நேரத்தில்தான் அவனுக்குள் தீமை கெட்டிப்பட்டது. அதே ராவணனுக்கு ஈமக்கடன் செய்ய விபீஷணன் தயங்கியபோது, பகை சாவோடு முடிந்தது, உனக்குப் போலவே அவன் எனக்கும் உறவு என்று ராமர் சொன்னதாக வால்மீகியில் வருகிறது.

சொத்து விஷயத்தில் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிய உறவினர் ஒருவர் சில மாதங்களாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் செய்தது அநியாயம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பட்டர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது வீட்டார் பெயர்களோடு அவர் பெயரையும் சொன்னேன். நட்சத்திரம் உத்திரட்டாதி என்பது மறக்காமல் இருந்தது.