தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?

மழையை மட்டுமே நம்பி ஓடும் செங்குத்தான காட்டாற்றில் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஓட்டப் போகிறவர், கரையில் நின்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எவ்வளவு ஓடுகிறது என்பதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். பனி உருகி வரும் ஆறு பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கும். காட்டாற்றுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மேலே மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் முழங்காலளவு ஓடிய ஓடை இடுப்பளவு ஆகிவிடும். மழை விட்ட சில மணி நேரத்தில் மறுபடியும் கல் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி 20 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் கன மீட்டர் தண்ணீர். பாதியை மண் குடித்துவிட்டு மீதி 1 லட்சம் கன மீட்டர் 3 மணி நேரத்தில் ஓடைக்கு வந்தால், சராசரி வரத்து விநாடிக்கு 9 கன மீட்டருக்குச் சற்று மேல். 5 மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கில் அது பெரிய தண்ணீர். இது சராசரிதான், உச்சம் இன்னும் மேலே போகும்.

மண் பாதி குடிக்கும் என்று சொன்னேனே, எல்லாச் சிக்கலும் அங்கேதான். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையை மண் அப்படியே உறிஞ்சிவிடும், ஓடையில் அசைவே தெரியாது. ஒரு வாரம் விடாமல் பெய்து மலை நனைந்து ஊறிய பிறகு அதே 10 மில்லிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட முழுவதும் நேராக இறங்கி வரும். ஆகவே இன்றைய மழையளவை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது தவறு. முந்தைய நாலைந்து நாள் மழையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பாறையே சொல்லும். மழை பெய்யாத நேரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கவனியுங்கள். கறுத்த ஈரப் பட்டை ஒன்று தெரிந்தால் தண்ணீர் சற்று முன்புவரை அங்கே இருந்திருக்கிறது, இப்போது இறங்குகிறது. காய்ந்து வெளுத்த பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்கினால் ஏறுகிறது, அல்லது அப்படியே நிற்கிறது. அலை அடிக்காத ஓரமாகப் பார்க்க வேண்டும், தெறிக்கும் இடத்தில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மழையில் எல்லாமே நனைந்திருந்தால் இது உதவாது. அப்போது கையளவு கல் ஒன்றைப் பாதி நனையும்படி ஓரத்தில் வைத்துவிட்டு, உடை மாற்றி, 10 நிமிடம் கழித்து வந்து பாருங்கள். கல் மூழ்கியிருந்தால் அதுதான் பதில்.

மிதந்து வருவதும் பேசும். ஏறும் தண்ணீர் கரையில் கிடந்த சருகு, சுள்ளி, மரப்பட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். இறங்கும் தண்ணீர் அவற்றைக் கரையில் கோடாக விட்டுவிட்டுப் போகும். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென்று செம்மண் நிறத்துக்குக் கலங்கினால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, புதுவெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. நடு ஓடையில் இதைக் கண்டால் பேச்சுக்கே இடமில்லை, அடுத்த நல்ல கரையில் ஏறிவிட வேண்டும்.

என் கருத்து இதில் உறுதியானது: இறங்கும் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். ஏறும்போது முதலில் காணாமல் போவது எடிகள். பாறைக்குப் பின்னால் ஓட்டம் மேல்நோக்கித் திரும்பி அமைதியாக நிற்கும் அந்த இடம்தான் நாம் நின்று, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பார்க்கும் திண்ணை. தண்ணீர் பாறையை மூடியதும் எடி போய்விடும், அதன் இடத்தில் ஆளைப் பிடித்துச் சுழற்றும் குழி உண்டாகும். தனித்தனியாக இருந்த மூன்று வீழ்ச்சிகள் ஒரே நீளமான வீழ்ச்சியாகச் சேர்ந்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள்மேல் தள்ளும் விசை நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு எவ்வளவு கடினமானது என்பதை 1 முதல் 6 வரை சொல்லும் பன்னாட்டுத் தர வரிசையில் 4 என்று கேள்விப்பட்ட ஓடை, ஒடுங்கிய பள்ளத்தாக்கில் 20 சென்டிமீட்டர் ஏறினால் 5 ஆகிவிடலாம்.

சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிலோமீட்டருக்கு 20 மீட்டர் இறங்கினாலே செங்குத்தான ஓடை என்று சொல்லலாம். 40, 50 மீட்டர் இறங்கும் ஓடைகளும் ஓட்டப்படுகின்றன. ஆனால் சராசரி ஏமாற்றும். 50 மீட்டரில் 25 மீட்டர் ஒரே அருவியாக இருந்து, அதைக் கரையில் சுமந்து கடந்துவிட முடிந்தால் மீதி 25 மீட்டர் சரிவுதான். அதே 50 மீட்டர் சீராக, மடுவே இல்லாமல் இறங்கினால், படகிலிருந்து விழுந்தவர் நிற்க இடமில்லாமல் போய்க்கொண்டே இருப்பார். வரைபடத்தின் சமஉயரக் கோடுகளை 500 மீட்டருக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

படகு விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்கென்று செய்த பிளாஸ்டிக் கயாக், சுமார் 2.5 மீட்டர் நீளம், ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 250 முதல் 350 லிட்டர் கொள்ளளவு, முனைகள் உருண்டையாக, மூக்கு நன்றாக மேலே வளைந்து. பின்பக்கம் இருபுறமும் காற்றுப் பைகள் கட்டாயம். பை இல்லாத படகில் தண்ணீர் நிறைந்தால் சில நூறு கிலோ, பாறையில் மாட்டினால் நாலு பேர் இழுத்தாலும் நகராது.

கால் வைக்கும் இடத்தை மட்டும் விடாமல் சரிபாருங்கள். இறங்கும்போது மூக்கு பாறையில் நேராகக் குத்தினால் உடம்பின் முழு எடையும் பாதத்தில் இறங்கும். இரண்டு கட்டைகள்மேல் கால் விரல்களை ஊன்றும் பழைய அமைப்பில் கால் வழுக்கி முன்னால் போகும், கணுக்கால் உடையலாம். முழுப் பாதமும் படியும் தட்டு, அதன்மேல் தடித்த ஃபோம், இரண்டும் வேண்டும். ஃபோமைக் காலணியோடு உட்கார்ந்து அளவெடுத்து வெட்டுங்கள். வெறுங்காலோடு அளந்தால் ஓடையில் முழங்கால் மடங்கி, வெளியே வர முடியாத அளவுக்கு இறுகும்.

ஓடையில் இறங்கிய பின், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத எந்த விளிம்பையும் தாண்டக் கூடாது. ஒரு புது வெள்ளம் போதும், போன வாரம் திறந்திருந்த வழியில் மரம் விழுந்து கிடக்கும். கரையேறிப் பார்க்கும்போது கீழிருந்து மேலே பாருங்கள்: முதலில் வீழ்ச்சிக்குக் கீழே என்ன, பிறகு விழும் மடு, கடைசியில் விளிம்பு. பெரும்பாலோர் விளிம்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். படகில்லாமல் ஒருவர் அங்கே நீந்தினால் எங்கே போய்ச் சேர்வார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் சத்தம் போடும் இடமல்ல. ஓட்டம் ஒரு பாறையில் மோதும் இடத்தை உற்றுப் பாருங்கள். நல்ல பாறையாக இருந்தால் தண்ணீர் அதில் மோதி, மேலெழுந்து, வெள்ளையாக ஒரு தலையணை போலப் புடைத்து, இருபுறமும் பிரியும். அந்தப் புடைப்பு படகையும் தள்ளிவிடும். வேகமாக வரும் தண்ணீர் பாறையருகே வந்து எந்தப் புடைப்பும் இல்லாமல், சத்தமில்லாமல் மறைந்தால் அது அடியில் குடைந்த பாறை, தண்ணீர் உள்ளே போகிறது. பாறைக் குவியலின் ஒரு பக்கம் நிறையத் தண்ணீர் நுழைந்து, மறுபக்கம் அடியிலிருந்து கொப்பளித்து வந்தால் அது சல்லடை. தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. இரண்டையும் எந்த மட்டத்திலும் நம்பாமல், சந்தேகம் வந்தால் படகைத் தோளில் போட்டு நடந்துவிடுங்கள்.

இனி பூஃப். வீழ்ச்சியின் விளிம்பில் மூக்கைத் தூக்கி, அடியில் இருக்கும் குழியைத் தாண்டிப் போய் விழும் உத்தி. இதில் கைவலிமையைவிட நேரம்தான் முக்கியம். விளிம்புக்கு முன்னால் வேகம் எடுத்து, போக வேண்டிய திசைக்கு மூக்கைத் திருப்பிவிட்டு, உடம்பை முன்னால் சாய்த்துக் காத்திருங்கள். மூக்கு விளிம்பைத் தாண்டும்போது துடுப்பைச் செங்குத்தாக, விளிம்புக்கு எட்டி ஊன்றி, இடுப்புவரை ஒரே நீள இழுப்பு. துடுப்பை இழுக்கும்போதே இடுப்பை முன்னால் தள்ளி முழங்கால்களை மேலே இழுக்க வேண்டும். தரையிறங்கும் முன் மறுபடி முன்னால் சாய்ந்து, துடுப்பின் அடுத்த இழுப்புக்குத் தயாராகுங்கள். முன்கூட்டியே இழுத்துவிட்டால் அதன் பலன் விளிம்புக்குள் தீர்ந்து மூக்கு சரியும். தாமதித்தால் துடுப்பு காற்றில் வீசும். பின்னால் சாய்ந்தபடியே விழுந்தால் குழி வாலைப் பிடித்து இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. 4, 5 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நுரையில்லாத பச்சைத் தண்ணீரில் தட்டையாக விழுந்தால் முதுகெலும்பு நசுங்கலாம். நுரை மெத்தை போன்றது, பச்சைத் தண்ணீர் தரை போன்றது. உயரம் கூடக்கூட மூக்கைச் சற்று இறக்கி, சாய்ந்த கோணத்தில் நுழைய வேண்டும்.

குழியைக் கணிக்க அதன் ஓரங்களைப் பாருங்கள். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்தால் பக்கவாட்டில் வெளியேறலாம். மேல்நோக்கி வளைந்து இருபுறமும் பாறையில் முட்டினால் வாசல் இல்லாத அறை. நுரை மேல்நோக்கித் திரும்பி ஓடும் தூரம் ஒரு படகு நீளத்தைத் தாண்டினால் தவிர்ப்பதே சரி.

குறைந்தது மூன்று பேர் வேண்டும்: ஒருவர் மாட்டிக்கொண்டால் ஒருவர் உதவ, இன்னொருவர் கயிற்றோடு கீழே நிற்க. ஒவ்வொருவரிடமும் மிதக்கும் கயிறு 15 முதல் 20 மீட்டர், விசில், கத்தி. குழுவுக்குப் பொதுவாக 4 காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி), 2 கப்பி, 2 ப்ரூசிக் வளையம் (பெரிய கயிற்றில் சுற்றினால் இறுகிப் பிடிக்கும் சிறு கயிற்று வளையம்), ஒரு நீளப் பட்டை, பிரித்து வைக்கும் துடுப்பு ஒன்று. இவற்றால், மாட்டிய படகை 3 மடங்கு விசையோடு இழுக்கும் கயிற்று அமைப்பைக் கட்டலாம். அதை வீட்டுத் தூணில் கட்டிப் பழகாதவர் பாறைமேல் குளிர்ந்த விரல்களோடு கட்டுவார் என்று நம்ப வேண்டாம்.

கயிறு எறிபவர், அதைப் பிடித்தவர் ஊசல் போல வந்து சேரும் இடம் பாதுகாப்பானதா என்று முதலில் பார்த்துவிட்டு நிற்க வேண்டும். பிடித்தவர் மல்லாந்து, எறிபவரின் கரைக்கு எதிர்ப்பக்கத் தோளுக்கு மேலாகக் கயிற்றைப் போட்டுக்கொண்டால் ஓட்டமே அவரைக் கரைக்குத் தள்ளும். கையில் சுற்றவே கூடாது. நீந்துபவர் முழங்காலுக்கு மேற்பட்ட ஓட்டத்தில் எழுந்து நிற்கவும் கூடாது. பாதம் கல்லிடுக்கில் மாட்டினால் ஓட்டம் உடம்பை முன்னால் மடக்கி அமிழ்த்திவிடும். முன்னால் விழுந்த மரம் வந்தால் மட்டும் மல்லாந்த நிலையை விட்டுக் குப்புறத் திரும்பி, வேகமாக நீந்தி, அதன்மேல் ஏறிவிட வேண்டும். படகு குறுக்காகப் பாறையில் ஒட்டினால் பாறைப் பக்கமே சாய்ந்து அதைக் கட்டிப்பிடியுங்கள். மறுபக்கம் சாய்ந்தால் ஓட்டம் மேல்தட்டைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

சைகையில் எப்போதும் போக வேண்டிய வழியையே காட்டுங்கள், ஆபத்தைக் காட்டாதீர்கள். துடுப்பு செங்குத்தாக நின்றால் வரலாம், கிடையாகப் பிடித்தால் நில். மூன்று விசில் என்றால் அவசரம்.

முடித்துக் கரையேறியதும், தொடங்கும்போது அடையாளம் வைத்த கல்லையும் கடைசியில் பார்த்த மட்டத்தையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். முந்தைய நாட்களின் மழையளவையும் பக்கத்தில் எழுதுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து குறிப்புகள் சேர்ந்தால், அந்த ஓடைக்கு எவ்வளவு மழை பெய்து எத்தனை மணி நேரம் கழித்துப் போனால் சரியாக இருக்கும் என்பது எந்த வானிலைச் செயலியைவிடவும் நன்றாகத் தெரியும்.