பாலத்துக்குப் பாலம் குலுங்கும் சாலையும் என் வண்டியும்

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் எப்போதும் ஒரு கலம் கட்டியிருக்கும். அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அதில் மூழ்கியபடி உறைவிந்துக் குச்சிகள். கலத்துக்கு இரட்டைச் சுவர். உள்பாத்திரம் கழுத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு தொங்குகிறது, இரண்டு சுவர்களுக்கும் இடையே வெற்றிடம். பலமான அதிர்ச்சி தொடர்ந்து விழுந்தால் கழுத்தில் விரிசல் விடும், வெற்றிடம் போய்விடும், நைட்ரஜன் ஆவியாகித் தீர்ந்துவிடும். ஆகவே வண்டி குலுங்காமல் போவதில் என் முதுகும் இருக்கிறது, பிழைப்பும் இருக்கிறது.

நம் டெல்டாச் சாலைகளின் குலுக்கம் ஒரே வகை அல்ல. மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அங்கிருந்து மன்னார்குடிப் பக்கம் போனாலும் கொரடாச்சேரிப் பக்கம் போனாலும் ஆறு, வாய்க்கால், மதகு என்று பாலங்களுக்குக் குறைவில்லை. பாலம் அசையாது, அதை ஒட்டிக் கொட்டிய மண் நாளடைவில் அமுங்கிவிடும். ஏறும்போது ஒரு முட்டு, இறங்கும்போது ஒரு பள்ளம். மேட்டூர் திறந்து குறுவை உழவு தொடங்கியதும் சிலர் சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றாமலே டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டுகிறார்கள். அது போன வழியெல்லாம் வரிவரியாகத் தழும்பு. இந்தச் சிறு தழும்பை வாங்கிக்கொள்ள வேண்டியது டயர். பாலத்தில் முட்டும் அதிர்ச்சியை வாங்க வேண்டியது ஸ்பிரிங். முட்டிய பிறகு வண்டி ஆடாமல் அடங்கச் செய்வது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். இந்த மூன்றில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் சீட்டுக்கு மேல் பஞ்சு வைத்துத் தைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதற்குக் காசே தேவையில்லை. என்னுடையது 100 சிசி வண்டி. காற்றழுத்தம் முன்சக்கரத்துக்கு 25 psi, தனியாகப் போகும்போது பின்சக்கரத்துக்கு 28 என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கிறது. பஞ்சர் கடையில் ஒன்றும் சொல்லாமல் நின்றால் இரண்டிலும் 35, 40 என்று ஏற்றிவிடுகிறார்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒருநாள், “இவ்வளவு குறைவாக வைத்தால் மைலேஜ் போய்விடும் தம்பி” என்றார் கடைக்காரர். “மைலேஜ் கொஞ்சம் போகட்டும் அண்ணே, 28 போதும்” என்றேன். காற்று மிஞ்சினால் டயரின் பக்கச்சுவர் வளைய மறுக்கிறது. கேஜ் வீல் தழும்பு ஒவ்வொன்றும் அப்படியே கைப்பிடிக்கு வந்துவிடும். அதற்காக வசதி என்று நினைத்து 20க்கு இறக்குவதும் கூடாது. பாலத்து விளிம்பில் மோதும்போது டயர் முழுவதுமாக அமுங்கி, ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். அளவு பார்ப்பது காலையில், வண்டி எடுப்பதற்கு முன். கத்திரி வெயிலில் ஓடிச் சூடான டயரில் இரண்டு மூன்று எண் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை அளவு குறைந்திருக்கும்.

காற்றடைத்த டயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்தவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்று நிரப்பிய ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றியவர், 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே 1840களில் ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது அப்போது பரவவில்லை. மாட்டு வைத்தியம் பார்த்த ஒருவர் கையிலிருந்து இது வந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் பழசானால் இறுகிவிடும். இறுகிய டயர் குலுக்கும். அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் ஈர வைக்கோலில் வழுக்கவும் வழுக்கும். இளைஞர்கள் சொகுசு என்று மாட்டும் அகலமான டயரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சக்கரத்தின் எடை கூடினால், மேடு பள்ளத்தைத் தொடர்ந்து ஏறி இறங்க ஸ்பிரிங்கும் எண்ணெயும் திணறும்.

ஷாக் அப்சார்பருக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, பின்பக்கத்தைப் பலமாக அழுத்திக் கையை எடுக்க வேண்டும். ஒரு முறை எழுந்து அடங்கினால் நல்லது. தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தால் எண்ணெய் கசிந்துவிட்டது என்று பொருள். ஸ்பிரிங் வாங்கிய அதிர்வை அடக்கிச் வெப்பமாக மாற்றிக் கழிப்பது அந்த எண்ணெய்தான். அது இல்லாத வண்டி முதல் பாலத்தின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த பாலத்தில் ஏறுகிறது. நான் அஞ்சுவது அந்த ஆட்டத்துக்குத்தான். கலத்தின் கழுத்துக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது.

பின்பக்க ஸ்பிரிங்கின் அடியில் திருகி ஏற்றி இறக்கும் படிகள் உண்டு. படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் மாறுவதில்லை. பாரத்தால் தாழ்ந்த வண்டி உயர்கிறது, பள்ளத்தில் அமுங்குவதற்கு இடம் மிச்சமாகிறது. பின்னால் ஆளோ தீவன மூட்டையோ தினமும் ஏறுமானால் ஏற்றுங்கள். தனியாகப் போகிறவர்கள் கீழ்ப்படியிலேயே விடலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் குழாய்க் கால்களான முன்ஃபோர்க்கை யாரும் கவனிப்பதே இல்லை. நம் வயல் சேறு ஃபோர்க் குழாயில் ஒட்டிக் காய்ந்தால், அதன்மேல் ஏறி இறங்கும், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். மழைநாளில் வீடு திரும்பியதும் ஈரத்துணியால் அந்தக் குழாயைத் துடைத்துவிடுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்பே ஃபோர்க் எண்ணெயையும் மாற்றிவிடுகிறேன். மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கையேட்டில் சொன்ன எண்ணெயைத்தான் ஊற்றச் சொல்லுங்கள். அதைவிடக் கெட்டியானதை ஊற்றினால் சிறு அதிர்வெல்லாம் உள்ளங்கைக்கு வரும். கசிந்த காலில் மட்டும் ஊற்றி அனுப்பிவிடும் பட்டறைகளும் உண்டு. இரண்டு காலிலும் பழையதை முழுக்க வடித்துவிட்டு, அளவுக் குவளையில் அளந்து சமமாக ஊற்றச் சொல்லுங்கள்.