கழுவிய கரட்

கும்பகோணத்திலிருந்து மணமாகி இலங்கை மலைநாட்டுக்கு வந்தவளுக்கு நுவரெலியாவின் குளிரும் மூடுபனியும் பழகிவிட்டன என்றுதான் எண்ணியிருந்தேன். கந்தப்பளைப் பக்கம், குடியிருப்புகளின் சாக்கடையும் வந்து சேரும் ஓடையில், மூட்டை மூட்டையாகக் கரட்டைக் கொட்டி மிதித்துக் கழுவுவதைக் கண்ட அன்று அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. முந்தைய இரவுதான் கரட் சம்பலை, பச்சையாக, ருசித்துச் சாப்பிட்டிருந்தோம்.

அதன் பிறகு, விடுமுறை நாட்களில் சிறிய மரக்கறித் தோட்டங்களைத் தேடிப் போகலானோம். நான் கேட்கப் போனது பூச்சிமருந்தைப் பற்றி. அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே லேபிளில் உள்ளபடி நாள் விட வேண்டும் என்பதும், செடிக்குள் ஊடுருவிய மருந்தை, அம்மா தொலைபேசியில் ஓயாமல் சொல்லும் மஞ்சளும் உப்பும் போக்கிவிடாது என்பதும் விளங்கின. கோழி எருவை மக்கவைக்காமல் இட்டால் கிருமி கீரையோடு சமையலறை வரை வரும். எருக் குவியலின் உட்புறம் சில நாட்களாவது 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். ஒரு தோட்டக்காரர் குவியலில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, தொட்டுப் பாருங்கள் என்றார், சுரீரென்றது.

ஆனாலும் மனத்தை அரித்தது கழுவும் தண்ணீர்தான். ஒரே தொட்டித் தண்ணீரில் அத்தனையையும் புரட்டும்போது, ஒரு கிழங்கிலுள்ள கிருமி மற்றவற்றுக்கும் பரவுகிறது. தோலில் விழும் கீறல் வழியே அழுகலும் ஏறுகிறது. மண்ணோடேயே விற்றால் என்ன என்று அந்தத் தோட்டக்காரரிடம் கேட்டேன். "கழுவாம கொண்டுபோனா யாரும்மா எடுப்பா?" என்றார் அவர். பளபளப்பைப் பார்த்து வாங்கும் நாம் அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெற்ற தோட்டமொன்றில், மருந்தடித்த தேதிகளை எழுதிய கொப்பி கொட்டகையில் தொங்குகிறது. கடைசி அலசலும் குடிக்கத் தகுந்த நீரில்தான். இப்போது, பெரிய வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸை அங்கேதான் வாங்குகிறோம். நெடுக்காகக் கீறி, மடல்களை விரித்து, குழாயடியில் மண் போக அலசுவதைப் பார்த்துக் கணவர் என்னை மலைநாட்டுக்காரி என்கிறார்.

அப்படி அலசும்போதெல்லாம் ஊர்க் கீரைக்காரம்மாதான் நினைவில் நிற்கிறாள். எருமைகள் கிடக்கும் வாய்க்காலில் முளைக்கீரைக் கட்டை முக்கியெடுத்துச் சொட்டச் சொட்ட வாசலில் வைப்பாள். அந்த ஈரத்தைக் கண்டுதான் அம்மா, காலையில் பறித்தது என்று நம்பி வாங்குவாள். இவ்வளவு தெரிந்த பின்னும் அந்தக் கீரை மசியல் கிடைத்தால் இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொள்வேன். நன்றாக வெந்தால் கிருமி சாகும் என்பதும் தோட்டம் தோட்டமாகக் கேட்ட பாடந்தானே.