கிணற்றடிக்கு வந்த ட்வின் டப்

வேல்ஸில் முதல் நாள் குளித்தபோது சவர்க்காரம் உடம்பை விட்டுப் போக மாட்டேன் என்றது. எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்புத்தான். மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீட்டுக் கொட்டுக் கிணற்றுத் தண்ணீர் சவர். அதில் நுரை எடுப்பதற்குள் கை சலித்துவிடும். தென் வேல்ஸில் குழாயில் வருவது மலை நீர்த்தேக்கத்து மென்னீர், கொஞ்சம் சவர்க்காரம் பட்டாலே பொங்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை.

சொல்லியிருந்தால் அந்த வாரமே நடந்த கூத்தைத் தவிர்த்திருக்கலாம். நாங்கள் ஐந்து பேர் இருந்த வாடகை வீட்டில் முன்கதவு வைத்த வோஷிங் மெஷின் ஒன்று இருந்தது. கையால் கழுவுகிற தூளை, வாளிக்குப் போடுகிற கணக்கில் கொட்டிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன். இறங்கி வந்தபோது குசினித் தரையில் கணுக்கால் அளவு நுரை. எந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது என்றும் தெரியவில்லை, கதவோ பூட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வேலைச் சட்டை கிறுகிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் நான் தும்புத்தடியோடு.

அது 2003. மேர்தர் டிட்வில் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. பகலில் நித்திரை, எழும்பினால் இருட்டு. குளிரைக்கூடச் சகிக்கலாம், அந்தச் சத்தமில்லாமை பொல்லாதது. அந்த மெஷினும் அப்படித்தான். உடுப்பை விழுங்கி வாயைப் பூட்டிக்கொள்ளும். கீழே விழுந்த ஒரு காலுறையைப் போடலாம் என்றாலும் விடாது. கிணற்றடியில் கதை கேட்டுக்கொண்டே உடுப்புக் கழுவி வளர்ந்தவனுக்கு, ஒன்றரை மணித்தியாலம் ஒரு பெட்டிக்கு முன்னால் காத்திருப்பது வேலையுமில்லை, ஓய்வுமில்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவர் இருந்தார். பேப்பர் வாங்கச் செட்டுக்கு வருவார். பக்கத்தில் பென்ட்ரபாக்கில் இருந்த ஹூவர் வோஷிங் மெஷின் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு எடுத்தவர். நுரைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. “திங்கட்கிழமை உடுப்பைக் கொண்டு வா” என்றார். அந்த நாட்டில் பழைய ஆட்களுக்குத் திங்கள் என்றால் உடுப்புக் கழுவும் நாள்.

அவருடைய கராஜில் கார் இல்லை. ஏழு வோஷிங் மெஷின்கள் இருந்தன, ஒன்றும் பழுதில்லை.

அந்த ஆலை 1948இல் திறந்தது. முதலில் செய்தது ஒற்றைத் தொட்டி மெஷின். மேலே கையால் சுற்றுகிற இரண்டு ரப்பர் உருளைகள், கரும்புச் சாறு பிழிகிற மெஷின் மாதிரி. உடுப்பை இடையில் விட்டுச் சுற்றினால் மறுபக்கம் அப்பளமாக வரும். அதற்குப் பிறகு வந்ததுதான் ‘ஹூவர்மெற்றிக்’ ட்வின் டப்: ஒரு தொட்டி கழுவ, பக்கத்தில் ஒடுக்கமான இன்னொரு தொட்டி சுழற்றிப் பிழிய. அடியில் சில்லு. வேலை இல்லாதபோது மேசைக்கடியில் தள்ளிவிடலாம், திங்கட்கிழமை இழுத்து வந்து குழாயடியில் நிறுத்தலாம்.

மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஓடவிட்டார். தொட்டியின் பக்கச் சுவரில், விரித்த கை அளவில், வரிவரியாய் ஒரு வட்டத் தட்டு. அது சுழன்றதும் தண்ணீர் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் புரண்டது. சட்டைகள் வாவி மீன் மாதிரி முதுகு காட்டி உள்ளே போயின. நாலு நிமிடம், அவ்வளவுதான். பிறகு மரக் கவ்வியால் சூட்டுத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் அடுக்கி, மேலே ஒரு ரப்பர்த் தட்டை வைத்து அமுக்கி, மூடியைச் சாத்தினார். அது சுழன்று பிழிந்த சவர்க்காரத் தண்ணீர் வீணாய்ப் போகவில்லை, குழாய் வழியாகக் கழுவுகிற தொட்டிக்கே திரும்பி வந்தது. அதே தண்ணீரில் அடுத்த ஈடு.

“முதல் வெள்ளை, பிறகு நிறம், கடைசியாக வேலை உடுப்பு” என்றார் கிழவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் சட்டம்! சவர்க்காரத் தண்ணீர் ஒரு வாளிதான். முதலில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள், பிறகு சேலை, சட்டை, பிறகு அப்பாவின் மருதமுனைச் சாரம், ஆகக் கடைசியில் கால்மிதி. மிஞ்சுவதை வாழையடியில் ஊற்றுவார். வெள்ளைக்கு முன்னால் சாரம் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை. ஐயாயிரம் மைலுக்கு மேல் தாண்டி வந்து, தமிழே கேட்டிராத ஒரு மனிதரின் கராஜில், அதே ஒழுங்கு. அதற்குப் பிறகு நான் ஒரு திங்களும் விடவில்லை.

இந்தப் பழைய மெஷின் பிரியர்கள் ஒரு தனிச் சாதி. நான் அந்தச் சாதியில் சேர்ந்து வருடக்கணக்காகிறது, ஆனபடியால் சொல்லலாம். மோட்டார் தண்ணீரைப் பிடிக்கும்போது வருகிற ‘கும்’ என்ற சத்தத்தை வைத்தே எந்த மொடல் என்று சொல்வார்கள். பிள்ளைகளைப் போல வரிசையாக நிறுத்தி வைத்து, ‘இந்த வாரம் இவளுடைய முறை’ என்று ஓட்டுவார்கள். அமெரிக்காவில் கொலராடோவில் லீ மேக்ஸ்வெல் என்பவர் ஆயிரத்துக்கும் மேல் சேர்த்து மியூசியமே வைத்தார், எங்கள் கிழவரின் ஏழு எந்த மூலைக்கு! கிழவருடைய செல்லம் 1960களின் ‘கீமெற்றிக்’. அதற்குத் திருப்புகிற குமிழ் கிடையாது, விளிம்பில் வெட்டு விழுந்த ஒரு சதுரப் பிளாஸ்ரிக் தட்டுத்தான் சாவி. நாலு விளிம்பு, இரண்டு பக்கம், ஆக எட்டு விதக் கழுவல். வேண்டியதைத் திருப்பிச் செருகினால் மெஷின் அந்த வெட்டை வாசித்து வேலையைத் தொடங்கும். தட்டுத் தொலைந்தால் மெஷின் வெறும் இரும்பு. கிழவர் அதை மனைவியின் நகைப்பெட்டியில் வைத்திருந்தார்.

ஒருநாள் ட்வின் டப்பில் ஒரு கரகரப்பு. ஸ்க்ரூட்றைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். “பேரிங்.” எனக்கு உடம்பு புல்லரித்தது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துத்தானே நாங்கள் எங்கள் வாவியின் பாடும் மீன் சத்தத்தைக் கேட்போம். அதைக் கிழவருக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது, இங்கிலிஸும் காணாது. “மீன் எந்த நோட்டில் பாடும்?” என்று கேட்டார், பகிடிக்கல்ல, உண்மையாகவே.

2009 பங்குனியில் அந்த ஆலை மெஷின் செய்வதை நிறுத்தியது. 1970களில் ஐயாயிரம் பேர்வரை வேலை செய்த இடம். கிழவர் அன்றைக்குப் பேப்பர் வாங்க வந்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார், வாங்காமலே போனார். சில வருடம் கழித்து நடக்கக் கஷ்டப்பட்டபோது ஏழு மெஷினையும் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ட்வின் டப் எனக்கு.

அதைத்தான் போன வருடம் சாமான் பெட்டிகளோடு கப்பலில் ஏற்றிக் கல்லடிக்குக் கொண்டு வந்தேன். லொறியிலிருந்து இறக்கியபோது அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“இதென்ன மனே, ஊரெல்லாம் லண்டனில இருந்து புதுசு கொண்டாறாங்க, நீ இரும்புக்கடைக்குப் போற சாமானைக் கொண்டாந்திருக்கா?”

மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆனால் ஈரக் கிணற்றுக்கட்டில் என் வயதைவிட மூத்த மெஷின் என்பதால், முதலில், மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்திவிடுகிற ட்ரிப் சுவிட்ச் போடுவித்தேன். இதைப் படித்து யாராவது ஆசைப்பட்டால் அதைத்தான் முதலில் செய்யுங்கள். மற்றது மணல். சில்லு நாலும் முற்றத்து மணலில் புதைந்து, மாடு படுத்ததுபோல ஒரு பக்கம் சாய்ந்தது. கடைசியில் கிணற்றுக்கட்டில், உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. பெல்ட் வயதாகி வெடித்திருந்தது. திருமலை வீதியில் தண்ணீர் மோட்டார்ச் சாமான் விற்கிற கடையில் பழசைக் காட்டினேன். பையன் அளந்து பார்த்து, நெல் குத்துகிற மெஷினுக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்துத் தந்தான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். முதலாளியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னான்.

ஹீற்றரைத் தொடவில்லை. மொட்டை மாடித் தாங்கியில் உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வெயிலில் கிடந்து வேண்டிய அளவு சூடாகிறது. கிணற்றுத் தண்ணீரை அதற்குள் விடுவதில்லை. கடற்காற்றே எனாமல் உதிர்ந்த இடங்களைத் தின்னுகிறது, சவர் வேறு எதற்கு?

முதல் நாள் சுழல்தொட்டி வேகம் பிடித்தபோது எதிர்வீட்டு மாமி வேலியடிக்கு ஓடி வந்தார். “என்னகா இது, பிளேன் எழும்புறாப்போல!” மூடியைத் தூக்கியதும் பிரேக் பிடித்து நின்றது. அம்மா உள்ளே கைவிட்டு ஒரு சேலையை எடுத்து உதறினார். பாதி காய்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு சேலையையும் உதறிப் பார்த்தார்.

அடுத்த ஈட்டுக்கு நான் ஒரு சாரத்தைத் தூக்கினேன்.

“வை அங்கால! வெள்ளை இன்னும் முடியல்ல. மறுகாதான் சாரம்.”

மரக் கவ்வி அன்றிலிருந்து அம்மாவின் கையில். தோய்க்கிற கல்லில் குந்திக்கொண்டு, நாலு நிமிடத்துக்கு மாமியோடு கதை. நேரம் முடிந்தால் கவ்வியால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கதை. கடைசித் தண்ணீரை விடுகிற குழாயை வாழையடிக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார். நான் வேல்ஸுக்குத் திரும்புகிறபோது சுவரில் கரியால் ஒழுங்குமுறை எழுதி வைத்தேன். போன கிழமை ஃபோனில், அதை வெள்ளையடித்து அழித்துவிட்டதாகச் சொன்னார். திங்கட்கிழமைகளில் எதிர்வீட்டு மாமிக்குப் படுக்கைவிரிப்புப் போட முறை கொடுத்திருக்கிறாராம்.